ஒரு கையெழுத்தும் இல்லாத பதிவேடு

படகிலிருந்து இறங்கும்போது ஒரு கையில் செருப்பு, மறு கையில் கோப்பு. தண்ணீர் முழங்காலுக்குச் சற்றுக் கீழே. புடவையைத் தூக்கிச் செருக மூன்றாவது கை இல்லை. படகுக்காரர் சிரித்துக்கொண்டே, "செருப்ப இங்கியே உட்டுட்டு போம்மா, யாரும் தூக்கினு போமாட்டாங்க" என்றார். கோப்பை விட்டுவிட்டுப் போ என்று சொல்லியிருக்கக் கூடாதா என்று இப்போது தோன்றுகிறது.

அந்தக் கோப்பில் இரண்டு பக்கங்கள்தான். அந்த ஊரின் நூலகத்தை மூடிவிட்டு, அக்கரையில் இருக்கும் கிளை நூலகத்தோடு இணைத்துவிடலாம் என்று எழுதியிருந்தது. எழுதியவள் நான். மாவட்ட நூலக ஆணைக்குழு அதன்மேல் முடிவெடுக்கும் முன், நேரில் பார்த்தேன் என்று கணக்குக் காட்டத்தான் படகேறினேன். மாவட்ட நூலக அலுவலராகி ஓராண்டு கூட ஆகவில்லை. பச்சை மையில் கையெழுத்துப் போடும் உரிமை புதிதாகக் கிடைத்திருந்தது. புதுத் துணி உடுத்திய குழந்தை தெருவெல்லாம் சுற்றி வருமே, அப்படி நானும் கிடைத்த தாளில் எல்லாம் பச்சைக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த காலம்.

ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. பழவேற்காட்டில் படகு ஏறினால் பசியாவரத்தைத் தாண்டி வரும் குப்பங்களில் ஒன்று என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டது அது. எங்களைப் பற்றி எழுது, ஆனால் தாளில் எங்கள் பெயர் எதுவும் வரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

புயல் பாதுகாப்புக் கட்டடத்தின் மாடியில் நூலகம். படியேறும்போதே ஏதோ சரியில்லை என்று பட்டது. படியெல்லாம் ஈரக் கால் தடம். மேலே வாசலில், மற்ற நூலகங்களில் செருப்பு கிடக்கும் இடத்தில், பனையோலைப் பறிகள் வரிசையாகச் சாத்தியிருந்தன. ஏரியில் மார்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்கள், பிடித்ததைப் போட வாயில் கவ்விக்கொண்டு போகும் பைகள் அவை. சேற்று வாடையும் இறால் வாடையும் சேர்ந்து மூக்கைத் துளைத்தன.

யாருமே வராத நூலகம் என்று எழுதிக் கையெழுத்திட்டவள் உள்ளே எட்டிப் பார்த்தேன். உட்கார இடமில்லை.

நாற்காலி காலியில்லை

ஒரு பெண் உரக்கச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தாள். போலீஸ் தேர்வுக்குப் படிப்பவள் என்று பிறகு தெரிந்தது. அவளைச் சுற்றித் தரையில் பத்துப் பதினைந்து பெண்கள், ஈரப் புடவையைப் பிழிந்து கட்டிக்கொண்டு. ஜன்னலோரம் இரண்டு பேர் வானிலைச் செய்தியின் மேல் கவிழ்ந்து கிடந்தார்கள். ஒருவர் விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். நீங்கள் இப்போது கையில் வைத்திருக்கும் இந்த வார இதழின் பழைய பிரதிகள், அட்டையெல்லாம் போய், கையிலிருந்து கைக்கு மாறிக்கொண்டிருந்தன.

மூலையில் ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மாள் கூடை நிறைய உயிர் நண்டுகளோடு உட்கார்ந்து, ஒவ்வொன்றின் கொடுக்கையும் நூலால் கட்டிக்கொண்டே செய்தி கேட்டார். கட்டாத நண்டு ஒன்று அகராதிகள் இருந்த அலமாரிக்கு அடியில் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.

நூலகர் ஜெயபால் (அவர் வெளியூர்க்காரர், பெயர் எழுதத் தடையில்லை) என்னைப் பார்த்ததும் பேயைக் கண்டவர்போல எழுந்தார். நான் நண்டைச் சுட்டிக் காட்டினேன். "அது வெளிய வந்துடும் மேடம்" என்றார். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வருகைப் பதிவேட்டைக் கேட்டேன். கொண்டுவந்து நீட்டினார். மாதம், தேதி எல்லாம் அழகான கையெழுத்தில் எழுதிக் கோடு போட்டிருந்தார். கோடுகளுக்கு நடுவே ஒன்றுமில்லை. பக்கம் பக்கமாகத் திருப்பினேன். வெறும் வெள்ளை.

"இவ்ளோ பேர் இருக்காங்க. ஒருத்தர் கூடவா கையெழுத்துப் போடல?"

"கட்டுப்பாடு மேடம். நான் அறிக்கையில எழுதியிருந்தேனே."

எழுதியிருந்தார். எனக்கு நன்றாக நினைவிருந்தது. 'வாசகர் வருகை உண்டு. கையெழுத்து இல்லை' என்று ஒரு வரி. கிண்டல் செய்கிறார் என்று நினைத்து ஓரத்தில் 'விளக்கம் தேவை' என்று எழுதி அனுப்பினேன். 'விளக்கம்: ஊர்க் கட்டுப்பாடு' என்று திரும்பி வந்தது. அதற்குள் வேறு நூலகத்தின் கூரை ஒழுக ஆரம்பித்துவிட்டதால் இதை மறந்தே போனேன்.

மூன்று பேனாக்கள்

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஜெயபாலைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது.

நான் இந்த வேலைக்கு ஆசைப்பட்டு வந்தவள் அல்ல. ஆசிரியை ஆக வேண்டும் என்று காத்திருந்து, வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தபோது ஊர்ப்புற நூலகர் வேலை என்றிருந்தது. மாமியார் வீட்டில் "புத்தகத்துக்குத் தூசி தட்டற வேலை" என்றார்கள். தட்டினேன். அப்புறம் அஞ்சல் வழியில் படித்து, தேர்வு எழுதி, மூன்றாம் நிலை, இரண்டாம் நிலை, முதல் நிலை, ஆய்வாளர் என்று ஒவ்வொரு படியாக ஏறினேன். மேலே போகப் போகப் புத்தகத்துக்கும் எனக்கும் தூரம் கூடிக்கொண்டே போனது. கழிவறைக் கதவு, மின்இணைப்பு, வாசகர் வட்டத் தேர்தலில் தோற்றவரின் கோபம், திறப்பு விழாவில் யார் பெயர் முதலில் வரும் என்ற தகராறு. மாவட்ட நூலக அலுவலர் என்றால் நாளெல்லாம் படித்துக்கொண்டே இருப்பார் என்று சொந்தக்காரர்கள் இன்னும் நம்புகிறார்கள்.

முதல் நூலகத்தில் எனக்கு வந்த வாசகர்கள் நாலைந்து பேர். மாதக் கடைசியில் ஆய்வுக்கு வருகிறார்கள் என்றால் முதல் நாளே கதவைச் சாத்திக்கொள்வேன். மேசையில் நீலம், கறுப்பு, ஊதா என்று மூன்று பேனாக்களை வைத்துக்கொண்டு உட்காருவேன். முருகன் என்று நீலத்தில். மு.முருகன் என்று கறுப்பில். இடது கையால் முருகேசன் என்று ஊதாவில். ஒரு மாதத்தில் அந்த ஊரில் இருந்ததைவிட அதிக முருகன்கள் என் நூலகத்துக்கு வந்து போயிருக்கிறார்கள். ஆய்வாளர் பாராட்டினார். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் வாங்கிக்கொண்டேன்.

ஜெயபாலிடமும் மூன்று பேனாக்கள் இருந்திருக்கும். ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்து எழுதியிருந்தால் நான் அந்தக் கோப்பையே திறந்திருக்க மாட்டேன். அவர் வெள்ளைப் பக்கத்தை வெள்ளையாகவே அனுப்பினார். அதற்குத்தான் அவர் நூலகத்தை நான் மூடக் கிளம்பினேன்.

பாடு போய்விடும்

கட்டுப்பாட்டின் கதையை நண்டு கட்டிக்கொண்டிருந்த அந்த அம்மாள்தான் சொன்னார். பெயர் எழுதக் கூடாதே, அதனால் நண்டக்கா என்று வைத்துக்கொள்வோம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு புயலுக்குப் பிறகு, முழுக்கால் சட்டை போட்ட நாலு பேர் வந்தார்களாம். நிவாரணத்துக்குக் கணக்கெடுக்கிறோம் என்று வீடு வீடாகக் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கிப் போனார்களாம். நிவாரணம் வரவில்லை. ஒரு தாள் வந்தது. ஊர் மக்கள் எல்லாரும் சம்மதித்து ஏரிக்கரை மணல்மேட்டை விட்டுக்கொடுப்பதாக அதில் எழுதியிருந்தது. கீழே எல்லார் கையெழுத்தும் வரிசையாக. அதை ரத்து செய்ய ஊர் அலைந்த அலைச்சல் ஒரு தனிக் கதை.

அன்று ஊர் கூடி முடிவெடுத்தது. ஊர் சேர்ந்து சொல்லாமல் யாரும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடக் கூடாது. மீறினால் அந்த வீட்டுக்கு அந்தப் பருவம் பாடு கிடையாது.

பாடு என்றால் முறை. ஏரியில் மீன் கிடைக்கும் இடங்களில் யார் எந்த நாளில் வலை கட்டலாம் என்று குலுக்கிப் போட்டு வரிசை வைத்திருக்கிறார்கள். பாடு போனால் வலை காயும், அடுப்பும் காயும். நண்டக்காவுக்கு இரண்டு மகன்கள், இருவருக்கும் பாடு உண்டு. ஒரு கையெழுத்துக்கு அது போய்விடும்.

இதையெல்லாம் கேட்டும் எனக்குள் இருந்த அதிகாரி அடங்கவில்லை. "கையெழுத்து இல்லைன்னா இந்த லைப்ரரி போயிடும். அடுத்த கூட்டத்துல முடிவு பண்ணிடுவாங்க. அப்புறம் பேப்பர் படிக்கப் படகு ஏறித்தான் போகணும்" என்று சத்தமாகவே சொன்னேன். படித்துக்கொண்டிருந்த பெண் நிறுத்திவிட்டாள்.

நண்டக்கா கட்டிய நண்டைக் கூடையில் போட்டார். "போனா போவட்டும்மா. கையெழுத்து மட்டும் கேக்காத."

"நான் எதை வெச்சு மேல சொல்றது? எனக்குத் தாள்ல ஏதாச்சும் வேணுமில்ல?"

"நீ இப்ப இன்னா பாத்த? ஆளுங்க கீறாங்களா இல்லியா?"

"இருக்காங்க."

"அப்ப கீறாங்கன்னு நீயே எழுது. நீயே கையெழுத்து போடு."

"அது எப்படி, நான் போட்டா…"

"எங்க கையெழுத்துன்னா எங்களுக்குப் பயம், ஏமாந்தோம். உன் கையெழுத்துன்னா உனக்கு இன்னாம்மா பயம்?"

அந்த முருகன்கள் எல்லாரும் வரிசையாக வந்து எதிரே நின்றது போலிருந்தது. உண்மையில் வராத ஆட்களுக்கு அத்தனை கையெழுத்துப் போட்டவள், கண்ணெதிரே உட்கார்ந்திருக்கும் ஆட்களுக்கு ஒரு கையெழுத்துப் போடத் தயங்கி நின்றேன்.

குறி கையெழுத்து ஆகுமா?

மறுநாள் காலை முதல் படகில் திரும்பப் போனேன். ஜெயபால் சொல்லிவைத்திருந்தபடி கோயில் முன்னால் மணலில் ஊர் கூடியிருந்தது. ஊர்த் தலைவருக்கு நாற்பது வயதுதான் இருக்கும். வலையிலிருந்து நேராக வந்திருந்தார், முழங்கையில் செதில் ஒட்டியிருந்தது. நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். மூடச் சொல்லி எழுதியது நான்தான் என்பதையும் சொன்னேன்.

தலைவர் சொன்னார்: "கட்டுப்பாட்ட மாத்த முடியாதும்மா. இன்னிக்கு லைப்ரரிக்குன்னு தளர்த்தினா நாளைக்கு வேற ஒருத்தன் வேற ஒண்ணுக்குன்னு வருவான்."

அவர் சொன்னதில் தவறே இல்லை. நான் தலையாட்டினேன்.

அப்போது பெண்கள் பக்கமிருந்து நண்டக்கா குரல் கொடுத்தார். "வலை மெதப்புக்குக் குறி போடறோமே, அது கையெழுத்தா?"

ஒவ்வொரு வீட்டுக்கும் வலையின் மிதப்புக் கட்டையில் வெட்டிய குறி ஒன்று உண்டு. மூன்று கோடு, ஒரு வட்டம், ஏணி, மீன் என்று. தண்ணீரில் எது யார் வலை என்று தெரிய வேண்டுமே. அதைத் தாளில் போட்டால் கையெழுத்து ஆகுமா என்று ஒரு மணி நேரம் வாதம் நடந்தது. நான் எத்தனையோ ஆணைக்குழுக் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். இவ்வளவு ஒழுங்காக ஒருவர் பேசி முடித்த பிறகு மற்றவர் பேசிய கூட்டத்தைப் பார்த்ததில்லை.

கடைசியில் தலைவர் தீர்ப்புச் சொன்னார். குறியைக் காட்டி மணல்மேட்டை எவனும் எழுதி வாங்க முடியாது. குறி போடலாம். ஆனால் ஒவ்வொரு பக்கத்தின் கீழும் ஆபீசரம்மா கையெழுத்துப் போட வேண்டும். நாளைக்கு ஏதாவது ஆனால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

சரி என்றேன். ஒரு வாரம் விடுப்புப் போட்டுவிட்டு தினமும் படகேறினேன்.

முதல் நாள் ஒரு கூத்து. காலையில் நூலகம் நிறைந்துவிட்டது, பதிவேட்டில் ஒரு குறி கூட விழவில்லை. "ஏன் யாரும் போடல?" என்றேன். "மொத பாட்டுக்காரன் இன்னும் வர்லியே" என்றார்கள். குறி என்றதும் அவர்களாகவே அதைப் பாடு வரிசையில் சேர்த்துவிட்டார்கள். முதல் முறைக்காரர் குறி போடாமல் அடுத்தவர் போடக் கூடாது. அவரோ முகத்துவாரத்துக்கு அப்பால் கடலில் இருந்தார். நண்பகல் தாண்டி அவர் வந்து, தலையைத் துவட்டிக்கொண்டே மூன்று கோடு போட்ட பிறகுதான் மற்றவர்கள் எழுந்தார்கள். இதில் வரிசை இல்லை, யார் முதலில் வந்தாலும் போடலாம் என்று தலைவரே வந்து சொல்ல வேண்டியதாயிற்று.

நண்டக்காவின் மகன்களுக்கு ஏணிக் குறி. அதை அவர் போட மறுத்துவிட்டார். "அது பசங்க வலையோடது. நான் வலை போடறவளா?" என்று சொல்லி, பேனாவை உளி பிடிப்பது போலப் பிடித்து எட்டுக் கால் வைத்து ஒரு நண்டு வரைந்தார். கொடுக்கு இரண்டையும் நூலால் கட்டியிருந்தார், படத்திலும்.

பச்சை மை

ஆணைக்குழுக் கூட்டத்தில் என் முறை வந்தது. குறிகள் நிறைந்த பதிவேட்டை மேசையில் வைத்தேன். கணக்குப் பார்க்க வந்திருந்த ஒருவர் புரட்டிவிட்டு, "இது என்ன, குழந்தைகள் கிறுக்கியதா?" என்றார்.

"வாசகர்கள் சார்."

"பெயர் எங்கே?"

"பெயர் கிடையாது. குறி."

ஆணைக்குழுத் தலைவர் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவர் அதிகம் பேசாதவர். ஒரு இடத்தில் விரலை வைத்தார். "இந்த மூன்று கோடு யார்?"

"கடலிலிருந்து வந்ததும் நேராக நூலகத்துக்கு வருவார் சார். காற்று எப்படி, மழை எப்படி என்று மட்டும் படிப்பார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், அரை மணி ஆகும்."

"இந்த மீன்?"

"போலீஸ் தேர்வுக்குப் படிக்கும் பெண். அவள் அப்பாவின் வலைக் குறி. எல்லாருக்கும் பேப்பர் படித்துக் காட்டுபவள் அவள்தான்."

"நண்டு?"

"அவர் படிப்பதில்லை சார். கேட்பார்."

யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. பக்கத்தின் அடியைத் தட்டினார். "பச்சையில் இருப்பது உங்கள் கையெழுத்துதானே? மூடலாம் என்று எழுதியதிலும் இதே பச்சைதானே?"

"ஆமாம் சார். அது பார்க்காமல் போட்டது. இது பார்த்துப் போட்டது."

பதவி போனாலும் போகலாம், பொறுப்பில்லாமல் பரிந்துரை செய்தவள் என்று எழுதிவிட்டால் முடிந்தது. இத்தனை வருடம் ஏறிய படிகள் எல்லாம் கண்ணுக்கு முன் வந்தன.

தலைவர் என் பழைய பரிந்துரையைத் தேடி எடுத்து என்னிடம் நீட்டினார். "அப்படியானால் இதை நீங்களே அடித்துவிடுங்கள்."

அடித்தேன். தாள் கிழிந்துவிடும் போல அழுத்தி அடித்தேன். பக்கத்தில் ஒரு சின்னக் கையெழுத்தும் போட்டேன், அதுவும் பச்சையில்.

வெளியே வந்து கடையில் டீ வாங்கி, குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். ஜெயபாலுக்கு போன் செய்தேன். "இருக்கு ஜெயபால், நூலகம் இருக்கு" என்றேன். அவர் யாரிடமோ திரும்பிச் சொன்னார். அந்தப் பக்கம் ஒரே கூச்சல். நூலகத்தில் சத்தம் போடக் கூடாது என்று வாழ்நாளெல்லாம் சொன்னவள், அந்தக் கூச்சலை போன் சூடாகும்வரை கேட்டுக்கொண்டு நின்றேன்.

ஒரு போன்

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். நூலகம் அதே மாடியில் இருக்கிறது. மீன் குறி போட்ட பெண்ணுக்கு வேலை கிடைத்து இப்போது வேறொருத்தி பேப்பர் படிக்கிறாளாம்.

பெயர் வரக் கூடாது என்ற கண்டிப்பு இருந்ததால், இந்த அத்தியாயத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன் ஜெயபாலுக்கு அனுப்பி, ஊரில் படித்துக் காட்டச் சொன்னேன். இரண்டு நாள் பதில் இல்லை. ஏதோ தவறாக எழுதிவிட்டேன் போலிருக்கிறது என்று கவலையாக இருந்தது. மூன்றாம் நாள் போன் வந்தது. எடுத்ததுமே அதட்டல்.

"இன்னாம்மா, நண்டக்கா நண்டக்கான்னு எழுதிக்கிற? எனக்குப் பேர் இல்லியா?"

"நீங்கதானே தாள்ல பேர் வரக் கூடாதுன்னு சொன்னீங்க?"

"ஊரக் கேட்டுட்டேன். உன் தாள்ல வரலாம்னு சொல்லிட்டாங்க. ஊர் பேர் வாணாம், என் பேர் போடு. நைனா பேரையும் சேத்து முழுசா போடு. அடுத்த வாரம் அந்தப் பொண்ணு படிக்கச் சொல்லோ நான் கேக்கணும்."

அவர் கேட்டபடியே எழுதுகிறேன்: எல்லப்பன் மகள் தேசம்மாள்.